விளம்பரத்தில் வரும் உணவுப்பொருள் வாசகங்களை நம்பலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

வாசகத்தை அப்படியே நம்பவும் வேண்டாம், மொத்தமும் பொய் என்று தள்ளவும் வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். "ருசியோ ருசி", "அம்மா கைப்பக்குவம்" போன்றவற்றை யாராலும் அளக்க முடியாது, சட்டமும் அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் "சர்க்கரை இல்லை", "நார்ச்சத்து உள்ளது", "கொழுப்பு குறைவு" என்று சொல்லிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் தெரிந்தால்தான் வாசகத்தின் எடை தெரியும்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கலாம். அதனால் பாலில் கலக்கும் பவுடரிலிருந்தே தொடங்குகிறேன். ஹார்லிக்ஸ் குடித்தால் பிள்ளை உயரமாகவும் வலிமையாகவும் கூர்மையாகவும் வளரும் என்ற விளம்பரம் 2008இல் பிரிட்டனில் ஒரு நேபாளி சேனலில் ஓடியபோது, ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று சொல்லி அங்கிருக்கும் விளம்பர ஒழுங்கு அமைப்பு நிறுத்தியது. இங்கே 2024 ஏப்ரலில்தான், இந்த வகைப் பவுடர்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது. அதே மாதம் ஹார்லிக்ஸ் தயாரிப்பாளரும் அந்தப் பெயரைக் கைவிட்டு வேறு வகைப்பெயருக்கு மாறினார்.

பவுடர் டப்பாவில் பார்க்க வேண்டியது சத்து அட்டவணை. பலவற்றில் 100 கிராமுக்கு ஒரு பத்தி, 200 மி.லி. பாலுடன் சேர்த்து இன்னொரு பத்தி என இரண்டு இருக்கும். விளம்பரம் சொல்லும் பெருமை பெரும்பாலும் இரண்டாவது பத்தியிலிருந்து வருவது. ஒரு கப் டோன்டு பாலிலேயே சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராமுக்கு 7 கிராம் புரதம் உள்ள பவுடரில் 20 கிராம் எடுத்துக் கலந்தால் கூடுவது 1.4 கிராம். மிச்சம் எல்லாம் பாலின் வேலை. கால்சியத்துக்கும் இதேபோல் பவுடரின் பங்கைத் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்து "ஆடட் சுகர்ஸ்" என்ற வரி. 100 கிராமுக்கு 30 என்று இருந்தால் இரண்டு வேளைக்கு 40 கிராம் பவுடரில் 12 கிராம் சர்க்கரை போகிறது. லேபிளில் போடும் சதவீதக் கணக்கு, ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்பதை உச்சமாக வைத்தது. பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகவே கொள்ள வேண்டும். பவுடரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பால் குடிக்க மறுக்கும் பிள்ளை அதன் ருசிக்காகக் குடித்தால் அது லாபம்தான். வளர்த்தி அதிலிருந்து வருகிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இனி எண்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018இல் கொண்டுவந்த விளம்பர விதிகளின்படி, "சுகர் ஃப்ரீ" என்றால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. "லோ ஃபேட்" என்றால் திடப்பொருளில் 100 கிராமுக்கு 3 கிராம் வரை கொழுப்பு. "டிரான்ஸ் ஃபேட்" (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் கெட்ட கொழுப்பு) இல்லை என்றால் 0.2 கிராமுக்குக் கீழே. நார்ச்சத்து உள்ளது என்று போட 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் போதும். சாப்பிடுவதோ இரண்டு பிஸ்கட், சுமார் 15 கிராம். அதில் கிடைக்கும் நார்ச்சத்து அரை கிராம்கூட இல்லை. வாசகம் சட்டப்படி உண்மை, வயிற்றுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

இதைவிடப் பயனுள்ள விதி ஒன்று இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் படமாகவோ எழுத்தாகவோ எந்தப் பொருளைத் தூக்கிக் காட்டுகிறார்களோ, அது எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட வேண்டும். ராகி பிஸ்கட்டில் ராகி எவ்வளவு, பாதாம் படம் போட்ட பவுடரில் பாதாம் எவ்வளவு என்பதை அங்கே கண்டுபிடித்துவிடலாம். பல தானிய மாவு என்று விற்பவற்றில் கோதுமையே 90 சதவீதத்தைத் தாண்டும் மாவுகள் உண்டு. மற்ற தானியங்கள் எல்லாம் சேர்ந்து மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். சேர்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில்தான் இருக்க வேண்டும். அதனால் ராகிக்கு முன்னால் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் வந்தால் அது மைதா பிஸ்கட்தான்.

நம் ஊரில் அதிகம் ஏமாறும் இடம் காபி. "ஒரிஜினல் ஃபில்டர் காபி", "கும்பகோணம் டிகிரி" என்றெல்லாம் எழுதிய பாக்கெட்டில் "காபி பிளெண்டட் வித் சிக்கரி" என்ற வரியைத் தேடுங்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதத்தையும் அச்சிட வேண்டும் என்பது விதி. அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாக, 49 சதவீதம் வரை சிக்கரி போட்டும் காபி என்ற பெயரைத் தாங்கி விற்கலாம். சிக்கரியை நான் பழிக்கவில்லை. அது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. கஃபீன் கிடையாது. கறுப்பு நிறமும் கெட்டித் தன்மையும் கொடுக்கும். 80க்கு 20 கலவைக்குப் பழகிய நாக்குக்கு அதுதான் ருசி, அதில் தவறே இல்லை. ஆனால் டிகாக்‌ஷன் திக்காக இறங்குகிறது என்ற விளம்பரப் பெருமை பெரும்பாலும் சிக்கரியின் பெருமை. ஒரே விலையில் இரண்டு பாக்கெட் இருந்தால் முதலில் சதவீதத்தை ஒப்பிடுங்கள், சிக்கரி காபிக்கொட்டையைவிட மலிவானது. சில்லறையாக அரைத்து வாங்குகிறவர்கள் ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் அரை ஸ்பூன் தூளைத் தூவிப் பாருங்கள். காபித்தூள் சற்று நேரம் மிதக்கும், சிக்கரி உடனே பழுப்புக் கோடு விட்டுக்கொண்டு அடியில் இறங்கும். சதவீதத்தை இதில் அளக்க முடியாது, கலப்பு உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

ஐஸ்கிரீமில் இன்னொரு விதம். ஐஸ்கிரீம் என்று எழுத வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் வேண்டும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டால் அதற்குப் பெயர் "ஃப்ரோசன் டெசர்ட்". பாக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கும், விளம்பரத்தைப் பார்க்கிறவர் கண்ணில்தான் படாது. இரண்டும் சுத்தமான, சட்டப்படியான பண்டங்கள்தான். கொடுக்கிற காசுக்கு எது கிடைக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே. எடையையும் பாருங்கள். கடையும்போது காற்று ஏறுவதால் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் இருந்தாலே விதிக்குப் போதும்.

எண்ணெய் பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிதாக இருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். கொலஸ்ட்ரால் விலங்கிலிருந்து வருவது. கடலை, எள், சூரியகாந்தி, பாமாயில் எதிலும் அது சொல்லும்படி கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு (லேபிளில் "சாச்சுரேட்டட் ஃபேட்"), அது குறைவாக இருப்பது நல்லது. பாமாயிலில் பாதியளவு, தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம், சூரியகாந்தியில் சுமார் 11.

பழச்சாறு பற்றிச் சுருக்கமாக. அடர்த்தியாக்கிய சாற்றில் மறுபடி தண்ணீர் சேர்த்துச் செய்ததை "100% பழச்சாறு" என்று எழுதக் கூடாது என்று 2024 ஜூனில் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. "ஃப்ரூட் டிரிங்க்" என்றால் பழம் 10 சதவீதம் இருந்தாலே போதும், எலுமிச்சை என்றால் 5. பெயரில் "ரியல்", "ப்யூர்", "நேச்சுரல்" போன்ற சொற்கள் இருந்து ஆளைக் குழப்பக்கூடும் என்றால், இது வெறும் பிராண்ட் பெயர், பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல என்று 3 மி.மீ. உயர எழுத்தில் போட வேண்டும். அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

வாசகமும் பொருளும் ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. பால் பாக்கெட்டில் டோன்டு என்றால் கொழுப்பு 3, ஸ்டாண்டர்டைஸ்டு என்றால் 4.5, ஃபுல் கிரீம் என்றால் 6 சதவீதம். ஆவின் இதையே நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறத்தில் பிரித்துவிட்டது. படிக்கத் தெரியாதவரும் சரியாக வாங்க முடிகிறது. எல்லாப் பண்டத்துக்கும் இப்படி இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

கேள்விக்கு வெளியே போகிறேன் என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விளம்பரம் தமிழில் பாடுகிறது, தமிழில் கெஞ்சுகிறது, நம் நடிகர்களை வைத்துத் தமிழில் சத்தியம் செய்கிறது. அதே பொருளின் சேர்பொருள் பட்டியல் ஆங்கிலத்தில். லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி, தமிழைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய், கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருக்கிறது என்பதை எப்படிப் படிப்பார்? எந்த மொழியில் விற்கிறார்களோ அந்த மொழியில் சேர்பொருளையும் அச்சிட வேண்டும். இது மொழி அரசியல் என்று சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள். சாப்பிடுகிறவருக்கு என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

பெரிய கம்பெனிகளை மட்டும் குறை சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். "செக்கு", "இயற்கை", "நாட்டுச் சர்க்கரை" என்று லேபிளே இல்லாமல் விற்பதில் மேலே சொன்ன எந்தச் சோதனையும் செய்ய முடியாது. எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

விளம்பரம் அப்பட்டமாகப் பொய் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. புகாருக்கு முன் பாக்கெட்டின் இரண்டு பக்கங்களையும், பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். விளம்பரம் எந்தச் சேனலில், எந்தத் தேதியில் வந்தது என்று குறித்து வையுங்கள், இணையத்தில் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இந்த விவரங்கள் இல்லாவிட்டால் புகார் பாதியில் நின்றுவிடக்கூடும்.