பவுண் விலை ஏறினால் கடனும் ஏறவேண்டுமா?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் அரச வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். வயது 36. திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் முடித்துவிட்டேன். தாதிய மாணவருக்குக் கற்பிக்கும் பக்கம் போக ஆசை. கொழும்பில் வார இறுதியில் நடக்கும் இரண்டு வருட முதுமாணிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். கட்டணம் 420,000 ரூபாய். என் நகை 10 பவுண் மூன்று துண்டில் (அடகுச் சீட்டில்) வங்கி அடகில் இருக்கிறது. காப்புச் சோடி இரண்டு, 4 பவுண், 480,000. பதக்கச் சங்கிலி 3 பவுண், 360,000. அட்டியல் 3 பவுண், 360,000. நிலாவெளியில் சுற்றுலாப் படகு ஓட்டும் தம்பிக்காக 2021 இல் வைத்தது. அப்போது மொத்தமாக எடுத்தது 480,000தான். பவுண் விலை ஏறியதும் 2023 இல் 820,000 ஆகவும் 2025 இல் 1,200,000 ஆகவும் கூட்டி எடுத்தோம். வட்டியை ஒவ்வொரு முறையும் அதிலேயே கழித்துக்கொண்டார்கள். இப்போது வட்டி 13%, எட்டு மாதம் ஓடிவிட்டது. தம்பி புது எஞ்சினுக்கு 3 இலட்சம் கேட்கிறான், அம்மாவும் கொடுக்கச் சொல்கிறா. இன்னும் 7 இலட்சத்துக்கு மேல் கூட்டித் தரலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். அவனுக்கும் கொடுத்து என் கட்டணத்தையும் கட்டிவிடலாமா? கையில் சேமிப்பு 150,000 உண்டு. அரச ஊழியருக்கான இடர்கடன் 250,000 தரலாம் என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள், சின்னத் தொகை என்று விட்டுவிட்டேன். நகைக்கடையில் சேதாரம் போகப் பவுணுக்கு 3 இலட்சம் தருவார்களாம். ஆனால் விற்க மனமில்லை. ஒரு வருடத்தில் ஒன்லைனில் முடியும் வெளிநாட்டு முதுமாணி ஒன்றும் இருக்கிறது, அட்டையில் தவணையாகக் கட்டலாமாம். எது நல்லது?

பதில்: கூட்டி எடுக்காதீர்கள், சகோதரி. தம்பிக்கும் வேண்டாம், படிப்புக்கும் வேண்டாம்.

அடகு வட்டி பற்றியோ சேமிப்பின் அருமை பற்றியோ உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாட்டில் ஒரு மில்லிலீற்றர் பிசகாமல் மருந்து அளக்கிறவர் நீங்கள். உங்களைக் கெடுக்கும் பழக்கம் ஒன்றே ஒன்று: பவுண் விலை ஏறும்போதெல்லாம் அந்த ஏற்றத்தைக் கையில் வந்த காசு என்று எண்ணி, துண்டைப் பெருப்பித்துப் புதுப்பிப்பது. விலை ஏறினால் கூடுவது நகையின் பெறுமதி. வங்கி தருவதோ கடன். ஐந்து வருடத்தில் உங்களிடம் ஒரு பவுண்கூடக் கூடவில்லை. கடன் மட்டும் இரண்டரை மடங்காகியிருக்கிறது.

ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். இடைப்பட்ட வருடங்களில் வட்டி ஏறி இறங்கியது. சராசரி 15% என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 இல் எடுத்த 480,000க்கு இரண்டு வருட வட்டி 144,000. 2023 இல் 820,000 ஆகக் கூட்டியபோது பழைய முதலும் வட்டியும் போக உங்கள் கைக்கு வந்தது 196,000. அடுத்த இரண்டு வருட வட்டி 246,000. 2025 இல் 1,200,000 எழுதியபோது கையில் கிடைத்தது 134,000. ஆகத் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று முறையிலும் 810,000. நீங்கள் கட்டவேண்டிய முதல் 1,200,000. நடுவில் நிற்கும் 390,000 முழுக்க வட்டி, இப்போது முதலாக மாறி அதற்கும் வட்டி ஓடுகிறது. இந்த எட்டு மாதத்து வட்டி இன்னொரு இலட்சம். உங்கள் முதுமாணிக் கட்டணம் 420,000. அந்தக் காசை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள், பல்கலைக்கழகத்துக்கு அல்ல.

எஞ்சினுக்கும் கட்டணத்துக்குமாக இப்போது 720,000 கூட்டினால் ஓடிய வட்டியும் சேர்ந்து துண்டு சுமார் 2,020,000 ஆகும். 13% என்றால் வருடத்துக்கு 262,000க்கு மேல், மாதம் ஏறக்குறைய 22,000. பட்டம் கையில் வருகிற நாளில் கடன் 25 இலட்சத்தைத் தாண்டி நிற்கும்.

பவுண் விலை ஏறிக்கொண்டுதானே போகிறது என்பீர்கள். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் சில நாட்களுக்குள் சறுக்கியது. அதற்கு முன் உச்ச விலையில் அள்ளிக்கொடுத்த அடகுக் கடன்களால் நம் நாட்டு வங்கிகளே நட்டப்பட்டன. மீட்டால் நகையின் பெறுமதியைவிடக் கூடக் கட்டவேண்டும் என்றானதும் பலர் மீட்காமல் விட்டார்கள், நகை ஏலத்துக்குப் போனது. விலை இறங்கும்போது வங்கி பழைய தொகைக்குப் புதுப்பித்துத் தராது. வித்தியாசத்தைக் காசாகக் கேட்கும். அன்றைக்கு உங்களிடம் அந்தக் காசு இருக்காது.

நீங்கள் சின்னத் தொகை என்று ஒதுக்கிய இடர்கடன்தான் இந்தச் சிக்கலின் சாவி. அதற்கு வட்டி 4.2%. அடகின் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. செய்யவேண்டிய ஒழுங்கு இது. சேமிப்பு 150,000ஐயும் இடர்கடன் 250,000ஐயும் சேர்த்து 400,000 ஆக்குங்கள். சங்கிலித் துண்டை மட்டும் மீளுங்கள்: முதல் 360,000, வட்டி சுமார் 30,000. அந்த 3 பவுணை விற்றால் 9 இலட்சம். அதே நாளில் வங்கிக்குப் போய்க் காப்புத் துண்டை 520,000 கட்டி மீட்டு, மிச்சத்தோடு கையில் மீந்ததையும் இன்னும் சில ஆயிரத்தையும் சேர்த்து அட்டியலைச் சுமார் 390,000க்கு மீட்டுவிடலாம். மூன்று துண்டும் முடிந்தது. 7 பவுண் வீட்டில். பாக்கி இடர்கடன் மட்டும். அது 60 மாதத் தவணையில் சம்பளத்தில் கழியும், தொடக்கத்தில் மாதம் 5,000 அளவில். மூன்று துண்டாக வைத்தது உங்கள் நல்ல காலம். எல்லாம் ஒரே துண்டில் இருந்திருந்தால் முதல் நகையை வெளியே எடுக்கவே 13 இலட்சம் தேடவேண்டும்.

விற்பனைக்கு இரண்டு மூன்று கடையில் நிறுத்து, கரட் பார்த்து விலை கேளுங்கள். கல் பதித்த பதக்கம் என்றால் கல்லின் எடையைக் கழிப்பார்கள். அதை முன்கூட்டியே கேளுங்கள். விலை 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு இறங்கினால் 60,000 குறையும், அட்டியலைக் கடைசியாக விட்டு இரண்டு சம்பளத்தில் மீட்கலாம். கணக்குக் கலங்காது.

விற்பது மானக்கேடு என்று அம்மா சொல்லக்கூடும். 10 பவுணும் ஐந்து வருடமாக வங்கிப் பெட்டகத்தில் கிடக்கிறது, உங்கள் கழுத்தில் இல்லை. மூன்று பவுணைக் கொடுத்து ஏழு பவுணை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அம்மாவிடம் இந்தத் தாளையே காட்டுங்கள்.

தம்பிக்கு வருவோம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படகுத் தொழிலுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வாடைக்காற்றுக் காலத்தில் நிலாவெளிக் கடலில் சுற்றுலாப் படகு இறங்காது. அப்படிப்பட்டவரிடம் மாதம் 5,000 தா என்று கேட்டால் ஐப்பசியில் நின்றுபோகும். மே முதல் செப்டெம்பர் வரை மாதம் 25,000 என்று கேளுங்கள். வருடம் 125,000. வாங்கிய 810,000ஐ அடைக்க அப்படியும் ஆறரை வருடம். எஞ்சினுக்கு அவர் தன் படகை வைத்துக் கடன் கேட்கட்டும். உங்கள் கையெழுத்தில் அல்ல. பிணை நிற்கக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

படிப்பின் செலவு 420,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அது பற்றுச்சீட்டில் வரும் தொகை மட்டும். மாதம் இரண்டு முறை கொழும்பு போய்வர, பயணமும் தங்கலும் சாப்பாடுமாக ஒருமுறைக்கு 6,500 என்று வைத்தால் வகுப்பு நடக்கும் 16 மாதத்துக்கு 208,000. ஆய்வுக் கட்டுரைக்கு 80,000 ஒதுக்குங்கள். இதற்குமேல் எல்லோரும் மறக்கிற ஒன்று உண்டு: வார இறுதியைப் படிப்புக்குக் கொடுத்தால் மேலதிக நேரப் பணமும் (ஓ.டி.) ஓய்வு நாளில் வேலை செய்தால் வரும் டே ஓஃப் கொடுப்பனவும் போகும். மாதம் 18,000 குறைந்தால் 16 மாதத்தில் 288,000. ஆக மொத்தம் 996,000. கட்டணத்தின் இரண்டேகால் மடங்குக்கு மேல்.

கையால் போகும் காசு இதில் 708,000. அதற்கு ஒரு காப்புச் சோடியை, 2 பவுணை, விற்கச் சொல்வேன். 6 இலட்சம் வரும். முதல் அரையாண்டுக் கட்டணத்தையும் அரையாண்டுப் பயணச் செலவையும் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தை 6, 12, 18 மாத நிலையான வைப்பாகப் பிரித்து, ஒவ்வொரு அரையாண்டுக் கட்டணத் திகதியோடும் பொருந்தவைத்துப் போடுங்கள். வட்டியில் 10% வரி கழியும், பரவாயில்லை. மீதி 108,000 இரண்டு வருடத்தில் மாதம் 4,500. ஓ.டி. குறையும் மாதங்களில் இதுவும் இடர்கடன் தவணையும் சேர்ந்து இறுக்கும். ஆகவே இடர்கடன் எடுத்த மாதத்திலிருந்தே குறைந்த சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள், படிப்புத் தொடங்கிய பிறகு அல்ல.

ஒன்லைன் முதுமாணிக்கு அட்டையை நீட்டுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? எத்தனை கிரெடிட்? இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 30 கிரெடிட், பாடநெறி மட்டும் என்றால் 9ஆம் மட்டம். ஆய்வோடு சேர்ந்த 60 கிரெடிட் என்றால் 10ஆம் மட்டம். கற்பிக்கப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்கிறவர்கள் உறுதிப்படுத்தப்படுவதற்கு ஆய்வுள்ள பட்டமேற்படிப்பு வேண்டும். 12 மாதத்தில் முடிகிறது என்பதை விளம்பரம் பெருமையாகச் சொல்கிறது. அந்த 12 மாதத்துக்குள் எது விடுபட்டது என்று நீங்கள் கேட்கவேண்டும். ‘சுகாதார முகாமைத்துவம்’ என்று பொதுவாக இருக்கும் பட்டம் மேட்ரன் வேலைக்கு உதவலாம்; கலைத்திட்டம் வகுத்தல், மாணவர் மதிப்பீடு, வாட்டில் வைத்துக் கற்பித்தல் ஆகிய பாடங்கள் அதில் இல்லையென்றால் உங்கள் ஆசைக்கு அது வழி அல்ல. அட்டைத் தவணையிலோ, வட்டி இல்லை என்பார்கள், கையாளல் கட்டணம் முன்னுக்கே கழியும். ஒரு தவணை பிந்தினால் அட்டை வட்டி முழுவேகத்தில் ஓடும்.

முதுமாணி முடித்தவுடன் சம்பளம் ஏறும் என்ற எண்ணத்தில் எந்தக் கடனும் எடுக்கவேண்டாம். அமைச்சின் கீழ் சிஸ்டர், போதனாசிரியர் பதவிகள் தாதியர் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி (சேவை விதிகளின்படி), சேவைக் காலம், பரீட்சை, பயிற்சி என்று ஓடுபவை. சான்றிதழைக் காட்டியதும் தானாகக் கிடைப்பவை அல்ல. பிரமாணக் குறிப்பையும் கடைசியாக வந்த விண்ணப்ப அறிவித்தலையும் எடுத்துப் போதனாசிரியர் பகுதியை வரிவரியாக வாசியுங்கள். போஸ்ட் பேசிக் எனும் தாதியர் மேற்பயிற்சிக்கு நீங்கள் தகுதி பெறும் வருடமும் முதுமாணி ஆய்வு வருடமும் மோதினால் சேர்வதை ஒரு வருடம் தள்ளுவதே மேல்.

சம்பளத்தோடு கல்வி விடுமுறை கிடைத்தால் திரும்பி வந்து சேவை செய்வேன் என்று பிணைமுறி எழுதவேண்டும், பிணையாளர்களும் வேண்டும். இடர்கடனுக்கும் பிணையாளர்கள் வேண்டும். உங்களுக்காகக் கையெழுத்து வைக்கிற சக உத்தியோகத்தரின் நம்பிக்கை அளவான பொருள். அதைத் தம்பியின் எஞ்சினுக்குச் செலவழித்துவிட்டால் விடுமுறைக்கு ஆள் தேடி அலைவீர்கள். பிணை நிற்க வேண்டாம் என்றது இதற்காக.

கடைசியாக ஆய்வு. பணம் கரைகிற இடம் இது. வகுப்புகளை ஒழுங்காக முடித்தவர்கள் ஆய்வில் இழுபட்டு நீட்டிப்புக் கட்டணமும் மறுபதிவுக் கட்டணமும் கட்டுகிறார்கள். நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு வினாக்கொத்துக்கூடக் கொடுக்க முடியாது. அது வர மாதங்கள் ஆகும், திருத்தம் கேட்டுத் திருப்பினால் மேலும் ஆகும். தமிழ், சிங்களம் இரண்டிலும் மொழிபெயர்த்து, மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்கவும் காசும் காலமும் வேண்டும். தலைப்பை முதல் அரையாண்டிலேயே பிடியுங்கள். நான்கு மாவட்டத்து வைத்தியசாலைகள் வேண்டாம். உங்கள் வைத்தியசாலையிலோ, பயிற்சிக்கு வரும் தாதிய மாணவரிடமோ தரவு எடுக்கக்கூடிய தலைப்பாக இருக்கட்டும். பணிப்பாளரின் அனுமதிக் கடிதத்துக்கும் அப்போதே எழுதுங்கள்.

அதெல்லாம் பிறகு. இந்த வாரம் கணக்குப் பிரிவில் இடர்கடன் விண்ணப்பத்தை வாங்குங்கள்; மூன்று அடகுத் துண்டின் பிரதியும், மீட்கும் நாளுக்கான சரியான தொகையும் வங்கியில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் பிந்தப் பிந்த 400 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது.