போண்டாவும் ஐந்துக்கு 3.1-உம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஒன்பது வருடமாகக் கணிதம் நடத்துகிறேன். போன வாரம் முதல்வர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். முதலாண்டு நுண்கணிதத்துக்கு மாணவர்கள் எனக்குப் போட்டிருந்த மதிப்பெண் ஐந்துக்கு 3.1. துறையிலேயே குறைவு. "நாக் குழு வரப்போகுது, கொஞ்சம் பார்த்து நடந்துக்குங்க" என்றார். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற குழு அது. இன்க்ரிமென்ட் பற்றியும் ஒரு வார்த்தை விழுந்தது.

பிள்ளைகள் எழுதியிருந்த குறைகள் இவை: போர்டில் எழுதுவது பின்னால் தெரிவதில்லை, இங்கிலீஷிலேயே நடத்திவிட்டுப் போய்விடுகிறார், பரீட்சைக்கு முன்னால் முக்கியக் கேள்விகள் கொடுப்பதில்லை, எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறார். என் வகுப்பில் தினமும் யாராவது ஒருவர் போர்டுக்கு வந்து கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கோபம்தான் இது என்று நினைக்கிறேன். 4.6 வாங்கிய சக ஆசிரியர் நோட்ஸை வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார். படிவம் நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்பதால் ஐந்து நிமிடத்தில் தட்டிவிட்டுப் போனார்களாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு என்னை மதிப்பிட என்ன தெரியும்?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில் படிவம் கிடையாது, மனுதான். எங்களுக்கு வகைநுண்கணிதம் எடுத்த சார் நோட்ஸ் சொல்ல மாட்டார். ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். மீதியை நாங்கள் போட வேண்டும். தப்பாகப் போட்டால் திட்டவும் மாட்டார், திருத்தவும் மாட்டார். "அப்புறம்?" என்பார். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு அவரை மாற்றச் சொன்னோம். என் கையெழுத்து ஏழாவது. மாற்றினார்கள். அடுத்து வந்தவர் தங்கமான மனிதர். பரீட்சைக்கு வரக்கூடிய கணக்குகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். கடைசி வகுப்பில் எல்லோருக்கும் போண்டாவும் டீயும் வந்தது. படிவம் இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்போம். பிறகு திருச்சியில் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது கையில் மிஞ்சியிருந்தது ஜன்னலோரத்துக்காரர் வகுப்பில் நாங்கள் திணறியது மட்டும்தான். போண்டா செரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

என் கதை ஒரு ஆளின் கதை, அதை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. ஆனால் இதையே பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவில் விமானப்படை அகாடமி ஒன்று இருக்கிறது. அங்கே எந்த மாணவன் எந்த ஆசிரியரிடம் போவான் என்பது குலுக்கல் மாதிரி. பாடத்திட்டம் ஒன்று, பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்று. அடுத்த கட்டப் பாடங்களும் கட்டாயம் என்பதால் யாரும் நழுவ முடியாது. கேரல், வெஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2000 முதல் 2007 வரை அங்கே படித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்து, 2010-இல் வெளியிட்டார்கள். நுண்கணிதத்தில் அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பரீட்சையில் நன்றாக எழுதினார்கள், ஆசிரியருக்கும் நல்ல மதிப்பெண் போட்டார்கள். ஆனால் அதை அடிப்படையாகக் கொண்ட அடுத்த பாடங்களில் முன்னால் நின்றவர்கள் அனுபவசாலிகளிடம் படித்தவர்கள். படிவத்தில் குறைவாக வாங்கியவர்களும் அந்த அனுபவசாலிகள்தான்.

நன்னூலில் பவணந்தி முனிவர் ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நாலு உவமை சொல்கிறார். அதில் ஒன்று முடத்தெங்கு, வளைந்து நிற்கிற தென்னை. வேலிக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றியவன் ஒருவன், அந்தப் பக்கம் சாய்ந்து காய் போடுவது இன்னொருவன் கொல்லையில். நம் பக்கம் வாய்க்காலோரம் நடந்தால் பத்து மரத்துக்கு ஒன்று அப்படித்தான் நிற்கும். அவர் அதை ஆசிரியரின் குற்றமாகச் சொன்னார். நான் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் முதல் செமஸ்டரில் ஊற்றுகிற தண்ணீருக்குக் காய், மூன்றாவது செமஸ்டரில் வேறொருவர் வகுப்பில் விழுகிறது. உங்கள் முதல்வர் உங்கள் கொல்லையில் மட்டும் எண்ணிவிட்டு 3.1 என்கிறார்.

போண்டாவையும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால் சிரிப்பீர்கள். ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களில் சில குழுக்களுக்கு மட்டும் வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் கொடுத்தார்கள். பிஸ்கட் தின்றவர்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். 2018-இல் வந்த ஆய்வு. நாக் குழு 2017-இல் கொண்டுவந்த கணக்கெடுப்புக்குப் பெயரே மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு. திருப்தியா என்பது பந்தியில் கேட்கிற கேள்வி. பந்தியில் அது நியாயமான கேள்வியும்கூட.

சரி, இவ்வளவும் உங்கள் பக்கம் பேசிவிட்டேன். உங்கள் கடைசிக் கேள்வியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நிறையத் தெரியும். எங்களுக்கு இன்னொருவர் இருந்தார். மஞ்சளேறிய ஒரு நோட்டை வைத்துக்கொண்டு மூன்று வருடமும் வாசித்தார். பாதி நாள் வரவும் மாட்டார். கண்டிப்பானவர் என்று பெயர் வேறு. எங்களை யாராவது ஒரு தாளில் கேட்டிருந்தால் எழுதியிருப்போம். யாரும் கேட்கவில்லை. ஜன்னலோரத்துக்காரர் மேல் மனு போட்ட நாங்கள் இவர் மேல் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இவர் எங்களை ஒன்றும் செய்யச் சொல்லவில்லையே.

அதனால் 3.1-ஐத் தூர வைத்துவிட்டு உங்கள் பிள்ளைகள் எழுதியதைப் பாருங்கள். முக்கியக் கேள்விகள் கொடுப்பதில்லை என்பது புகார் அல்ல, நற்சான்று. சிடுசிடு என்பதை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். 2015-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இணைய வகுப்பு நடத்திய ஒருவரையே ஒரு பிரிவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு பிரிவுக்குப் பெண் பெயரிலும் அறிமுகப்படுத்தினார்கள். ஆண் பெயருக்கு மதிப்பெண் கூடியது. சின்ன ஆய்வு, ஐம்பது பேர்கூட இல்லை. ஆனால் போர்டுக்குக் கூப்பிடுகிற ஆண் கண்டிப்பானவர் என்றும் பெண் சிடுமூஞ்சி என்றும் ஆவதற்கு நமக்கு ஆய்வு வேண்டுமா என்ன?

மற்ற இரண்டும் அப்படியல்ல. போர்டு தெரிகிறதா என்பதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்தான் சொல்ல முடியும். மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பதைப் பேப்பரில் படிக்கலாம், வயலுக்கு வந்ததா என்பதைக் கடைமடைக்காரனிடம்தான் கேட்க வேண்டும். இங்கிலீஷ் விஷயம் இன்னும் பெரிது. பன்னிரண்டாவது வரை தமிழில் சார்பு, எல்லை, தொடர்ச்சி என்று படித்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளைக்கு, தெரிந்த விஷயமே பெயர் மாறி வந்தால் தெரியாததாகிவிடும். முதல் மாதம் இரண்டு சொல்லையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இதில் தப்பு உங்களுடையது. வருத்தப்படாதீர்கள், கேட்டீர்கள், சொல்கிறேன்.

முதல்வரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கணிதக்காரர் நீங்கள், சராசரியை மட்டும் காட்டினால் எப்படி என்று கேளுங்கள். எல்லோரும் மூன்று போட்டாலும் சராசரி மூன்று, பாதிப் பேர் ஒன்றும் பாதிப் பேர் ஐந்தும் போட்டாலும் மூன்றுதான். இன்க்ரிமென்ட் பேச்சு மறுபடி வந்தால் இதையும் சொல்லலாம்: டொரண்டோவில் ரையர்சன் என்று அப்போது பெயர் இருந்த பல்கலைக்கழகத்தில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க இந்தப் படிவங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-இல் நடுவர் தீர்ப்பானது. மாணவனின் அனுபவம் எப்படி என்று அறிய அவை உதவும் என்றும் அவரே சொன்னார். இங்கே அது செல்லுமா என்றால், செல்லாது. ஆனால் மேஜையில் வைக்கலாம்.

அதோடு, போன வருடம் உங்களிடம் படித்த பிள்ளைகளுக்கு இப்போது பாடம் எடுப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: சொல்லாமலே எழுந்து போர்டுக்கு வருகிறவர்கள் யார்? அவர்களில் உங்கள் பிரிவில் இருந்தவர்கள் எத்தனை பேர், வாட்ஸப் நோட்ஸ் பிரிவில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்து ஒரு தாளில் எழுதி முதல்வரிடம் கொடுங்கள். உங்கள் பக்கம் குறைவாக இருந்தாலும் கொடுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.