வெள்ளிக்கிழமைத் தேர்வில் எட்டு, காலாண்டில் மூன்று: ஏன்?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைதோறும் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி அனுப்புகிறேன். பிள்ளைகள் எட்டு, ஒன்பது வாங்குகிறார்கள். அதே பாடம் காலாண்டில் வந்தால் எழுதத் தெரியவில்லை. வேறு செயலி எதுவும் உண்டா?

பதில்: செயலியை மாற்றிப் பயனில்லை டீச்சர். திங்கள் நடத்தியதை வெள்ளி கேட்டால் யாருக்கும் வரும். அது இன்னும் மறக்காததைத்தான் அளக்கிறது. அதிலும் ஃபார்ம் வீட்டில் அப்பாவின் போனில் நிரப்பப்படுகிறது. விடை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தை மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42. நினைவிலிருந்து எடுக்கும் சிரமம்தான் பாடத்தை நிற்க வைக்கிறது. ஆகவே கேள்வியைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறையுங்கள். மூன்று இந்த வாரம், ஒன்று போன வாரம், ஒன்று போன மாதம். வகுப்பிலேயே, புத்தகம் மூடியிருக்க.

இனி கேள்வியின் தரம். தொழில்நுட்பம் உண்மையில் உதவும் இடம் இதுதான். "கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். காற்று, நீராவி, வெப்பம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என நான்கு விடை கொடுங்கள். கடைசியைத் தேர்ந்தவர் கொதித்தால் நீரின் மூலக்கூறே உடைகிறது என நினைக்கிறார். காற்று என்றவரின் குழப்பம் வேறு. இரண்டுக்கும் ஒரே விளக்கம் போதாது. யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதை விட்டுவிட்டு, எந்தத் தவறான விடையில் கூட்டம் சேர்ந்தது என்று பாருங்கள். ஃபார்மின் பதில் பக்கத்தில் கேள்விவாரியாக வரைபடம் இருக்கும். பலர் அதைத் திறப்பதேயில்லை.

பிள்ளைகளிடம் போன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கு உங்கள் ஒரு போன் போதும். பிள்ளைக்கு ஒரு காகித அட்டை. அதை நான்கு பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் நான்கு விடை. கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எதைச் சொன்னார் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைக் காப்பியடிக்கவும் முடியாது. (முடிந்தவரை முயல்வார்கள், அது வேறு விஷயம்.)

நெடுவினாவுக்கு இதெல்லாம் உதவாது. கணினியைத் திருத்தச் சொல்லும் எண்ணமிருந்தால் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகளின் தமிழ்க் கையெழுத்தை நீங்கள் படிக்கிற மாதிரி அது படிக்காது. மாதத்துக்கு ஒரு நெடுவினா போதும். மதிப்பெண் போடாமல் ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து வந்தவர்களுக்கு அந்தக் குறிப்பு பலன் தரவில்லை.

பதிவேட்டுக்கு மதிப்பெண் கேட்டால் மாதத் தேர்வுடையதைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமைக் கேள்விகளை அதில் சேர்க்காதீர்கள். சேர்த்த அன்றே பிள்ளைகள் பக்கத்து அட்டையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.