போர் போடுகிற வேலையா என்று கேட்ட அப்பாவுக்கு

ஐயா, நேற்று உங்கள் மகன் பேசி முடிக்கும்வரை நீங்கள் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போதுதான், "மெக்கானிக்கல் படிச்சுட்டு போர் போடப் போறேங்கிறானே" என்றீர்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது.

அவன் ஆசைப்படுவது கட்டடங்களுக்கான நிலவெப்ப ஏசி. வெயில் காலத்தில் கட்டடத்தின் சூட்டை மண்ணுக்குள் தள்ளும். குளிர்காலத்தில் அதே மண்ணிலிருந்து சூட்டை எடுத்துக் கொடுக்கும். அமெரிக்காவின் இண்டியானாவில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2009-இல் இந்த வேலையைத் தொடங்கி, 400, 500 அடி ஆழத்தில் சுமார் 3,600 துளைகள் போட்டது. 2014-இல் வளாகத்தின் கொதிகலன்களில் நிலக்கரி எரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். வெளியே பனி கொட்டினாலும் அந்த ஆழத்தில் மண் ஏறக்குறைய 12, 13 டிகிரியிலேயே நிற்கும். அதுதான் சூட்சுமம்.

துளை போடுவது திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. உங்கள் மகனின் வேலை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. எத்தனை துளை, எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட வேண்டும். சூட்டைச் சுமந்துபோகும் தண்ணீர் சுற்றிவர, கறுப்பு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டை ஊசி வளைவாக உள்ளே இறக்குவார்கள். இணைக்க வேண்டிய இரண்டு குழாய்களின் முனைகளையும் சூட்டுத் தட்டில் உருக்கி, ஒன்றோடொன்று அழுத்தினால், சுற்றிலும் உதடுபோல ஒரு மடிப்பு பிதுங்கி வரும். அது ஒரே சீராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பிறகு அழுத்தச் சோதனை செய்து ஒப்புதல் தர வேண்டும். மண் மூடியபின் தோண்டிப் பார்க்க முடியாது. பொறுப்பான வேலை, ஐயா.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நம் ஊரில் மண்ணே சூடு, ஹீட்டரும் தேவையில்லை. வருஷம் முழுக்கச் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தால் மண்ணும் சூடேறிப்போகும். அதனால் நிலவெப்பத்தை மட்டும் நம்பி இங்கே வேலை தேடக் கூடாது. குளிர்சாதனப் பொறியியலை அவன் முழுசாகக் கற்கட்டும்: வெப்பச் சுமைக் கணக்கு, சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளும் ஹீட் பம்ப், தண்ணீர்ச் சுழற்சி, கன்ட்ரோல்ஸ். இதில் கை தேர்ந்தவனுக்குச் சென்னை மருத்துவமனையிலும் வேலை உண்டு, இண்டியானாவிலும் உண்டு. கல்லூரியில் இஷ்ரே என்கிற இந்தியக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் மாணவர் கிளை இருந்தால் உடனே சேரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கான கடன் இப்போது வேண்டாம். இந்த விடுமுறையில் ஒரு பெரிய கட்டடத்தில், ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் பிளான்ட்டில் ஒரு மாதம் நிற்கட்டும். அந்த இரைச்சலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அவனுக்கு ஆர்வம் குறையவில்லை என்றால், இருவரும் வாருங்கள். கடன் பற்றி உட்கார்ந்து பேசலாம்.