ஆறுமணிக்குருவிக்குத் தானியம் வேண்டாம், தண்ணீர் வையுங்கள்

கேள்வி: கோவையில் தனி வீடு. பின்பக்கம் ஒரு மாமரம், இரண்டு தென்னை, கொஞ்சம் செம்பருத்தி. கம்பும் குருணையும் போட்டுத் தீனித்தட்டு தொங்கவிட்டிருக்கிறோம். புறாவும் அணிலும்தான் வருகின்றன. ஆனால் இரண்டு வீடு தள்ளி, சருகும் புதருமாகக் கிடக்கும் காலிமனையில் ஆறுமணிக்குருவி கூவுகிறது. அதை எங்கள் தோட்டத்துக்கு வரவைக்க முடியுமா?

பதில்: அந்தக் காலிமனையில் இருப்பது உங்கள் தோட்டத்தில் இல்லை, அதுதான் விஷயம். பனிக்காலத்தில் நம் பக்கம் வலசை வரும் ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி, பிளித் நாணல் கதிர்க்குருவி, பழுப்புக் கீச்சான் எல்லாமே பூச்சி தின்னிகள். கம்பை எத்தனை கிலோ கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. தட்டு வைப்பதானால் சிட்டுக்குருவிக்காக வையுங்கள். காலையில் ஒரு கைப்பிடி, பத்து மணிக்குள் தீருமளவு போதும். மிச்சம் கிடந்தால் புறா நிரந்தரமாகக் குடியேறும், ஐப்பசி மழையில் நனைந்த தானியம் பூஞ்சை பிடித்து வருகிற குருவியையும் நோயில் தள்ளும்.

முதல் வேலை, மாமரத்தடியைப் பெருக்குவதை நிறுத்துவது. பத்தடிக்குப் பத்தடி இடத்தில் மாவிலைச் சருகை மூன்று அங்குல உயரத்துக்குச் சேரவிடுங்கள். தென்னை ஓலை இதற்கு உதவாது. மழையில்லாத நாட்களில் மாலையில் ஒரு குடம் தண்ணீர் தெளித்தால் அடிச்சருகு ஈரமாக இருக்கும்; மண்புழு, கரையான், வண்டு எல்லாம் மேலே வரும். ஆறுமணிக்குருவி தரையில் தத்தித் தத்திப் போய் ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டி இவற்றைத்தான் பொறுக்குகிறது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தோட்டத்தில் பூச்சிமருந்து கூடவே கூடாது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். சருகை ஒட்டி நொச்சி, ஆடாதோடை, இட்லிப்பூ என்று இடுப்பளவு புதர் இருந்தால் இன்னும் நல்லது. வெட்டி ஒழுங்குபடுத்திய வேலி அழகாக இருக்கலாம், கதிர்க்குருவிக்கு அதில் வேலையில்லை.

அடுத்தது தண்ணீர். கூச்சமுள்ள பறவையை வெளியே கொண்டுவருவதில் இதற்கு ஈடு எதுவுமில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு, ஒன்றேகால் அடி அகலத்தில் வாங்குங்கள். பளபளப்புப் பூச்சுள்ளது வழுக்கும். விளிம்பில் ஒரு அங்குலமும் நடுவில் இரண்டு அங்குலமும் தாண்டாமல் தண்ணீர், நடுவே சொரசொரப்பான ஒரு கல். ஆழம் கூடினால் சின்னக் குருவி இறங்காது. தரையில், நிழலில், புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி வையுங்கள்: பறவை ஒரே தாவலில் புதருக்குள் போய்விடலாம், பூனைக்கோ பதுங்கிப் பாய இடமிருக்காது.

தேங்கிய தண்ணீரைவிடச் சொட்டும் தண்ணீருக்குப் பறவை சீக்கிரம் வரும், சத்தம் கேட்டு. மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் செட் புதிதாக ஒன்று வாங்கி, ஒரு லிட்டர் பாட்டிலில் இணைத்துத் தட்டுக்கு மேலே நாலடி உயரக் கிளையில் கட்டுங்கள். பாட்டிலின் மேல்பக்கம் ஒரு சிறு துளை போடாவிட்டால் காற்று புகாமல் சொட்டு நின்றுவிடும். நொடிக்கு ஒரு சொட்டு என்று டியூபில் உள்ள உருளையைத் திருகி வைத்தால் ஒரு லிட்டர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரும். எனவே விடியற்காலையில் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். தினமும் தட்டைக் கவிழ்த்து, தேங்காய்நாரால் தேய்த்து, புதுத்தண்ணீர் ஊற்றுங்கள். சோப்பு வேண்டாம். கொசுப்புழு முழுக்கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும். தினமும் கொட்டிவிடுகிற தட்டால் டெங்கு பயமில்லை.

எப்போது பார்ப்பது? சாம்பல் வாலாட்டியும் நாணல் கதிர்க்குருவியும் செப்டம்பரிலேயே வந்துவிடும். கதிர்க்குருவியைக் கண்ணில் பார்ப்பதைவிட, புதருக்குள் 'சக்... சக்...' என்று கேட்பதுதான் அதிகம். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் அக்டோபர் வாக்கில் வரும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை, பெயரே அதனால்தான். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை இருபதடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். அரசவால் ஈப்பிடிப்பான் குளிக்க வருவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். தட்டில் நிற்காது, கிளையிலிருந்து பாய்ந்து முங்கிவிட்டு மறுபடி கிளைக்கே போகும். போனில் ஆறுமணிக்குருவியின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். வேறொரு பறவை இடத்தைப் பிடிக்க வந்ததாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஆறுமணிக்குருவி இரவில் வலசை போகிறது. களைத்து இறங்கும் அக்டோபர் வாரங்களில் விளக்கொளியில் குழம்பி ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும். கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டுங்கள். பருந்துப் படம் ஒன்றை மட்டும் ஒட்டினால் பயனில்லை. விழுந்த பறவையைக் காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், துணி விரித்து, இருட்டில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்தால் புதரோரம் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முதல் வருடமே வரும் என்று உறுதி சொல்ல முடியாது. சருகு மக்கி அடியில் பூச்சி பெருக ஒரு மழைக்காலமாவது வேண்டும். பக்கத்திலேயே பறவை இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். மார்ச்சில் குரல் நின்றுவிட்டது என்று தட்டை எடுத்து வைத்துவிடாதீர்கள், வடக்கே திரும்பும் பறவைகள் ஏப்ரலிலும் தண்ணீருக்கு இறங்கும்.