கண்ணுக்குள் குருதி எட்டாத இடம்

கேள்வி: என் தந்தைக்கு 63 வயது; முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. ஒருநாள் காலையில் எழும்பியபோது வலக்கண் புகைமூட்டமாகிவிட்டது. விழித்திரையின் நாளம் அடைபட்டுள்ளதாகச் சொல்லி, கண் கிளினிக்கில் ஓ.சி.ரி. படம் எடுத்தார்கள். இனிக் கையில் மஞ்சள் மருந்து ஏற்றி இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அயலவர்கள் சொன்னதால் அப்பா மறுக்கிறார். ஒரு படம் போதாதா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: போதாது. இரண்டு படங்களும் காட்டுவது வேறுவேறு. இதை அப்பாவுக்கு அவருடைய வயலை வைத்தே விளக்குங்கள். நீர் கொண்டுவரும் வாய்க்கால் நாடி என்றால், மிஞ்சிய நீரை வெளியேற்றும் கழிவு வாய்க்கால் நாளம். கழிவு வாய்க்கால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவதைப் போல, விழித்திரையில் குருதியும் நீரும் கசிந்து, கூர்மையான பார்வைக்குரிய நடுப்பகுதி வீங்குகிறது. கால் மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள அந்தப் படலத்தின் வெட்டுமுகத்தை ஒளியால் படமாக்கி, வீக்கத்தை அளந்து சொல்வது ஓ.சி.ரி. ஆனால் தேக்கத்தால் மயிர்க்குழாய்களும் மூடிப்போகலாம்; எவ்வளவு பரப்புக்குக் குருதி எட்டவில்லை என்பதை மஞ்சள் மருந்துப் படமே நன்றாகக் காட்டும்.

அந்த மருந்தின் பெயர் புளோரசீன். கையின் நாளத்தில் ஏற்றினால் வழமையாக 10 முதல் 15 செக்கன்களுக்குள் விழித்திரையை அடைந்துவிடும். நீல ஒளி பட்டதும் குழாய்கள் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர, குருதி எட்டாத இடங்கள் கருந்திட்டுகளாகவே நிற்கும். மருந்து மிகவும் பிந்தி வந்தால், கழுத்து நாடி ஒடுங்கியுள்ளதா என்றும் வைத்தியர் தேடுவார்.

அந்தக் கருந்திட்டுகளின் பரப்பே அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்க உதவுகிறது. குருதியின்றித் தவிக்கும் விழித்திரை நலிந்த புதிய குழாய்களை முளைக்கத் தூண்டும். அவை கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான கதிராளி வரை பரவினால் கண்ணின் அமுக்கம் ஏறி, கடும் நோவுடன் பார்வை முற்றாகப் போய்விடலாம். அடைப்பு நேர்ந்து சில மாதங்களுக்குள்ளேயே இது வருவதால் ‘100 நாள் குளுக்கோமா’ என்ற பெயரே உண்டு. ஆகவே தயவுசெய்து நாட்களைக் கடத்தாதீர்கள்.

சி.ரி. ஸ்கானுக்கு ஏற்றும் அயடின் மருந்தையும் இதையும் ஒன்றென எண்ணியே அயலவர்கள் பயந்திருக்க வேண்டும். புளோரசீனில் அயடின் இல்லை. வழமையான அளவில் அது சிறுநீரகத்தைக் கெடுப்பதாகக் கருதப்படுவதில்லை. தோல் சில மணி நேரமும் சிறுநீர் ஒரு நாளளவும் மஞ்சளாகத் தெரியும், சிலருக்குக் குமட்டும். கடும் ஒவ்வாமை அரிது. ஆயினும் ஆஸ்துமா, ஒவ்வாமை, சிறுநீரக நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தின்றியே குருதிக் குழாய்களைப் படமெடுக்கும் ஓ.சி.ரி. அஞ்சியோகிராமும் உண்டு. அது கசிவைக் காட்டாது, பொதுவாகச் சிறு பரப்பையே பிடிக்கும் என்றாலும், அப்பா முற்றாக மறுத்தால் அதைப் பற்றியாவது கேளுங்கள்.

கண்மணியை விரிக்கும் துளிகளால் சில மணி நேரம் கண் கூசும் என்பதால், அவரை மோட்டார் சைக்கிளில் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடச் செல்லுங்கள். இடையில் கண் சிவந்து நோவெடுத்தால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.