சிஎன்ஜி கிட் போட்ட பழைய காருக்குக் குறைந்த பிரீமியத்தில் இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி? கிட் போட்டதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

கோவையில் என் பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு வெளியே கிட் போட்டேன். ஆர்டிஓ ஆபீஸுக்கு அலையச் சோம்பல். ஏஜென்டும் "அதெல்லாம் யாரும் பாக்கறதில்லைங்க" என்றார். நாலு மாதத்தில் ஒரு மழை நாளில் சென்டர் மீடியனில் முட்டி முன்பக்கம் நசுங்கியது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து பானெட்டைத் தூக்கினார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே கேஸ் நிரப்பும் வால்வு, அதிலிருந்து போகும் பைப், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசர் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. "ஏனுங்க, ஆர்சில பெட்ரோல்னு மட்டும்தானுங்க இருக்குது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கிளெய்ம் போச்சு. 41,000 ரூபாய் என் கையிலிருந்து.

இத்தனைக்கும் நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு தெரியுமா? கிட் மதிப்பில் வழக்கமாக 4% ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பங்கு) பிரீமியத்தில் கூடும், தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான பங்கு) பிரீமியத்தில் 60 ரூபாய் கூடும். என் கிட் 55,000. ஆக 2,200 + 60, அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. வருஷத்துக்கு 2,667 ரூபாய். மாதம் இருநூற்றுச் சொச்சம்!

சரி, இப்போது செய்ய வேண்டியது. அங்கீகாரம் பெற்ற சென்டரில் கிட் போட்டு, பில்லையும் கிட்டின் அப்ரூவல் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடுங்கள். கார் லோனில் இருந்தால் பேங்கிடம் என்ஓசி, அதாவது ஆட்சேபமில்லைச் சான்றிதழ். மாற்றம் செய்த 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. வண்டியைப் பார்த்துவிட்டு ஆர்சியில் எரிபொருளை மாற்றித் தருவார்கள். அந்த ஆர்சி நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினால், பாலிசி நடுவில் இருந்தாலும் மீதி நாட்களுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு எண்டார்ஸ் செய்வார்கள், அதாவது கிட்டைப் பாலிசியில் சேர்த்துத் தருவார்கள்.

காசைக் குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன. தேர்ட் பார்ட்டிக் கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் (2022-ல் நிர்ணயித்தபடி 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய்) அதில் பேரம் கிடையாது, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதேதான். ஓன் டேமேஜில்தான் கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி மாறும். நாலைந்து இடத்தில் விலை கேளுங்கள். ஆனால் கேட்கும்போதே கிட் மதிப்பையும் போட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பைக்குக்கோ தனியாகவோ 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே வைத்திருந்தால் காரில் இன்னொரு முறை கட்ட வேண்டாம். பம்பர் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போகாதீர்கள். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி, 50% வரும், கம்பெனி மாறினாலும் அது கூடவே வரும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் மட்டும் அது போய்விடும்.

அலாய் வீல், ஆம்ப்ளிஃபயர் மாதிரிச் சமாச்சாரங்களை ஆக்சசரி என்று மதிப்புப் போட்டுச் சேர்க்கலாம். பாடியை வெட்டுவது, பயங்கர சத்தம் போடும் சைலன்சர் எல்லாம் வேறு கதை. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆர்சியில் ஏறாத ஒன்றுக்கு மலிவான இன்சூரன்ஸ் தேடுவது வீண் வேலை.

அப்புறம், எழுந்து போய் டிக்கியைத் திறந்து சிலிண்டர் தகட்டில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் சோதனை) செய்தாக வேண்டும். நான் போன வாரம்தான் பார்த்தேன், தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தது.